ஏ லெவல் தொடங்கி ஆறு வாரம்: தொடர்வதா, பாடம் மாற்றுவதா, இடம் மாற்றுவதா?

இங்கிலாந்தில் சிக்ஸ்த் ஃபோம் (ஏ லெவல் படிக்கும் 16 முதல் 18 வயது வரையான இரண்டு ஆண்டு) தொடங்கி மூன்றாம், நான்காம் வாரத்தில் பல தமிழ் வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு வரும்: "அம்மா, எனக்கு கெமிஸ்ட்ரி சரிவராது." 16 வயதில் எழுதும் ஜீசீஎஸ்ஈ பொதுப் பரீட்சையில், 9 உச்சமாக இருக்க, 8 எடுத்த பிள்ளை அது. ஓகஸ்டில் பெறுபேறு வந்த வியாழக்கிழமை சித்தப்பா, மாமி என்று எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லியாயிற்று. இப்போது முதல் வகுப்புச் சோதனையில் 40க்கு 15.

உடனே வீட்டில் இரண்டு கட்சி. "நல்ல டியூசன் ஒன்று பிடிப்போம்" என்பது ஒன்று. "கஷ்டமென்றால் விட்டுப்போட்டு வேறொன்றை எடுக்கட்டும்" என்பது மற்றது. இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். எது சரி என்பதை அந்த 15 புள்ளி சொல்லாது, பிள்ளையின் கொப்பி சொல்லும். அதை எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் எந்த வழி யாருக்குப் பொருந்தும், எந்தத் திகதிக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்து முறை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

முதலில் திகதி

அரசு நிதி விதிப்படி, 24 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பில் சேரும் 16 முதல் 18 வயது மாணவர் 42 நாள் தங்கியிருந்தால்தான் அந்த ஆண்டுக்கான மாணவராகக் கணக்கில் வருவார். செப்டெம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால் அந்த 42 நாள் ஒக்டோபர் நடுப்பகுதியில் முடியும். அதற்குப் பின் படிப்பை விட்டால் அது அந்த நிறுவனத்தின் கணக்கில் குறையாக விழும். பல பாடசாலைகளும் கல்லூரிகளும் செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் அரைத்தவணை விடுமுறையோடோ மாற்றங்களுக்குக் கதவை மூடுவதற்கு இது ஒரு காரணம்.

மற்றக் காரணம் படிப்பே. ஒரு ஏ லெவல் பாடத்துக்கு இரண்டு ஆண்டில் 360 மணிநேரக் கற்பித்தல் என்று கணக்கு. கிழமைக்கு நாலு, ஐந்து மணி. ஆறு வாரம் கழித்துப் புதிய பாடத்துக்குப் போகிற பிள்ளை 25, 30 மணிநேரத்தைத் தவறவிட்டுப் போகிறது. மூன்றாவது வாரத்தில் போனால் 12, 15 மணி; ஒரு அரைத்தவணை விடுமுறையில் எட்டிப் பிடிக்கலாம். ஆகவே மாற்றத்துக்கான கடைசித் திகதி என்ன என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். இடத்துக்கு இடம் அது மாறும், இணையத்தளத்தில் பெரும்பாலும் இருக்காது.

இலங்கையில் உயர்தரம் படித்த பெற்றோருக்கு ஒரு சொல். அங்கே கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு, வர்த்தகம், கலை என்று பிரிவாகத்தான் எடுப்போம். பிரிவு மாறினால் ஒரு வருடம் போனது மாதிரி. அந்தப் பயம் இங்கும் நம்மோடு வந்துவிட்டது. இங்கே பிரிவு என்று ஒன்று இல்லை. உயிரியலும் வரலாறும் பொருளியலும் ஒரே பிள்ளை எடுக்கலாம். நேரத்தோடு செய்தால் ஒரு பாடத்தை மாற்றுவதால் வருடம் போகாது. இன்னொன்று: அங்கே பாடத்திட்டம் உண்மையில் ஓடுவது ரியூட்டரியில் என்ற நிலை பலருக்கு இருந்தது. இங்கே பாடத்தை முழுதாக முடிப்பவர் வகுப்பு ஆசிரியர்தான். பிள்ளைக்கு என்ன ஓடவில்லை என்று முதலில் தெரிபவரும் அவரே.

கொப்பியைத் திறந்து பாருங்கள்

பெற்றோருக்கு இரசாயனவியல் தெரிய வேண்டியதில்லை. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் 25 கன சென்ரிமீற்றர். அதில் எத்தனை மூல்? கன சென்ரிமீற்றரை 1000ஆல் வகுத்து லீற்றராக்கிச் செறிவால் பெருக்கினால் 0.0025. முதல் மாதத்தில் கொப்பிகளில் அடிக்கடி காண்பது 2.5. பிள்ளை 1000ஆல் வகுக்க மறந்துவிட்டது. ஆசிரியர் சிவப்பில் ஒரு கோடு இழுத்திருப்பார். இது விளங்காமை அல்ல, அலகுப் பிழை. ஒரே வகைக் கணக்கு இருபதைச் செய்தால் போய்விடும். 40க்கு 15 எடுத்த தாளில் இப்படிப்பட்ட பிழையே எட்டு, பத்துப் புள்ளியைத் தின்றிருக்கலாம்.

இன்னொரு கொப்பியில் அதே கேள்விக்குக் கீழே வெற்றிடம். அடுத்ததற்கும் வெற்றிடம். பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிய குறிப்பு மட்டும் அழகாக இருக்கும், வர்ண வர்ணமாகக் கோடு போட்டு. சொந்தமாக முயன்ற தடம் ஒன்றும் இராது. இது வேறு நோய். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் விளங்கவில்லை?" என்பதல்ல, "வகுப்பு முடிந்து வீட்டில் இந்தப் பாடத்துக்கு இந்தக் கிழமை எத்தனை மணி இருந்தாய்?" என்பது. பதில் பெரும்பாலும் ஒரு மணிக்குக் கீழேதான் வரும். சோம்பல் என்று ஏசிப் பயனில்லை. ஜீசீஎஸ்ஈயில் ஆசிரியர் சொன்ன வீட்டுவேலையைச் செய்தால் போதுமாக இருந்தது. ஏ லெவலில் யாரும் சொல்லாத வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு இதுவரை ஒருவரும் விளக்கிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

கணிதத்தில் படம் வேறு. முதல் சில வாரம் அடுக்குகள், மூலங்கள், இருபடிச் சமன்பாடு என்று பாதிக்கு மேல் ஜீசீஎஸ்ஈயில் பார்த்ததே வேகமாகத் திரும்ப வரும். பிள்ளை "லேசாக இருக்கு" என்று சொல்லும். உண்மையான ஏற்றம் ஒக்டோபர், நவம்பரில்தான். ஆகவே கணிதத்தில் செப்டெம்பரிலேயே தடுமாறுகிற பிள்ளையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எதிர்க்குறியோடு அடைப்புக்குறியை விரிப்பது, பின்னம் கூட்டுவது, சூத்திரத்தின் எழுவாயை மாற்றுவது ஆகியவற்றில் பிழை வந்தால் அடித்தளம் ஆடுகிறது என்று பொருள். ஜீசீஎஸ்ஈயில் 6 எடுத்துப் போன பிள்ளைகளிடம் இது அதிகம். திருத்த முடியும்; ஆனால் ஒரு கிழமை வேலை அல்ல, ஒரு தவணை முழுக்க மேலதிகமாக உழைக்க வேண்டும். அதற்குப் பிள்ளைக்கு மனமிருக்கிறதா என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

கணிதம் எடுத்த பிள்ளையிடம் பழைய ஜீசீஎஸ்ஈ கல்குலேட்டர்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ லெவலில் ஈருறுப்புப் பரம்பல், செவ்வன் பரம்பல் ஆகியவற்றின் நிகழ்தகவைக் கல்குலேட்டரிலேயே கணிக்க வேண்டும். கேசியோ 83, 85 வகைகள் அதைச் செய்யா. 991 வகை வேண்டும். வேண்டுமென்று கேட்கக் கூச்சப்பட்டுக் கொண்டு மாதக்கணக்காக நண்பருடையதை இரவல் வாங்கும் பிள்ளைகள் உண்டு.

மூன்றாவது வகை: கொப்பி நிறைந்திருக்கும், வேலை செய்திருக்கும், புள்ளியும் மோசமில்லை. ஆனால் பிள்ளைக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை. இந்தப் பாடத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டால், "நீங்கள்தான் சொன்னீங்கள்" என்று வரும். இதைக் கேட்பது பெற்றோருக்கு வலிக்கும். ஆனாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. இரண்டு வருடம் அந்தப் பாடத்தோடு இருக்கப் போவது பிள்ளை.

தொடர்வது என்றால்

முதல் இரண்டு வகைக்கும் என் சிபாரிசு தொடர்வதுதான். 2015இலிருந்து படிப்படியாக வந்த மாற்றத்தின் பின் ஏ லெவல் எழுத்துப் பரீட்சை எல்லாம் இரண்டாம் ஆண்டு முடிவில். செப்டெம்பரில் எடுத்த 15 எந்தச் சான்றிதழிலும் ஏறாது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான எதிர்பார்ப்புப் பெறுபேற்றைப் பெரும்பாலான இடங்கள் தீர்மானிப்பது முதலாம் ஆண்டு முடிவில், ஜூன், ஜூலையில் வைக்கும் உள்ளகப் பரீட்சையை வைத்து. அதுவரை ஒன்பது மாதம் இருக்கிறது.

ஆனால் "தொடர்" என்று சொல்லிவிட்டு ஒன்றையும் மாற்றாமல் விட்டால் அது முடிவல்ல. நேர அட்டவணையை வாங்கிப் பாருங்கள். மூன்று பாடத்துக்குக் கிழமையில் 13 முதல் 15 மணி வகுப்பு. பாதி நாள் வெறுமையாக இருக்கும். "என்ன பள்ளிக்கூடம் இது, பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறான்" என்று பெற்றோர் நினைப்பார்கள். அந்த வெறுமைதான் படிப்பின் மறு பாதி. பாடம் ஒன்றுக்கு வகுப்புக்கு வெளியே நாலு, ஐந்து மணி போக வேண்டும். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தால் அந்த நேரம் போயிற்று. காலை வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் இரண்டு மணி இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாலை வீட்டில் ஓய்வு. வீட்டில் படி படி என்று ஒரு கிழமை சொல்லுவதிலும் இது மேல்.

அந்த நாலு மணியும் எப்படிப் போக வேண்டும் என்பதும் முக்கியம். வகுப்பு நடந்த அன்றே கொப்பியை மூடிவைத்துவிட்டு, விளங்கியதை வெறுந்தாளில் எழுத 20 நிமிடம். கிழமைக்கு ஒன்றரை, இரண்டு மணி பரீட்சைக் கேள்விகள். ஏக்யூஏ, எடெக்ஸெல், ஓசிஆர் ஆகிய பரீட்சைச் சபைகளின் தளங்களில் பழைய வினாத்தாளும் புள்ளித் திட்டமும் இலவசமாகக் கிடைக்கும். புள்ளித் திட்டத்தோடு தன் விடையைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவது உயிரியலில் மிக அவசியம். பொருள் சரி, எதிர்பார்த்த சொல் இல்லை என்று புள்ளி போவது அங்கேதான். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் வர்ணப் பேனாவால் கோடு போடுவதும் படித்த உணர்வைத் தரும், வேறொன்றும் தராது.

இனி டியூசன். லண்டனில் ஏ லெவலுக்கு மணிக்கு 40, 50 பவுண் சாதாரணம். கிழமைக்கு ஒரு மணி என்றால் ஒரு தவணைக்கே 500, 600 பவுண் வந்துவிடும். அரைத்தவணைக்கு முன் டியூசன் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செப்டெம்பரில் டியூசன் தொடங்கிய பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். "பின்னேரம் சேரிடம் கேட்கலாம்" என்று வைத்துவிடும். டியூசன் மணிநேரமும் அடுத்த நாள் வீட்டுவேலையை முடிப்பதில் கழியும். அதற்கு முன் இலவசமானவற்றைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் மதிய இடைவேளையில் பாட ஆசிரியர் இருந்து சந்தேகம் தீர்க்கும் நேரம் ஒன்று உண்டு. அங்கே போகிற பிள்ளைகள் நாலைந்து பேராகத்தான் இருப்பார்கள். பௌதிகவியலுக்கும் கணிதத்துக்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் ஐசாக் தளம் இருக்கிறது. பிழை விட்டால் குறிப்புத் தரும், விடையைத் தூக்கிக் கொடுக்காது. இவற்றுக்குப் பின்னும் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றால் ஆறு வகுப்புக்கு மட்டும் ஆசிரியரைப் பிடியுங்கள், கையில் தலைப்புப் பட்டியலோடு.

நாலாவது பாடம்

இது குறுகிய விஷயம். மருத்துவம் உட்பட ஏறத்தாழ எல்லாப் படிப்புக்கும் பல்கலைக்கழகங்கள் கேட்பது மூன்று ஏ லெவல். நாலு எடுத்தால் கூடுதல் மதிப்பு என்ற எண்ணம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. நாலில் மூன்று பி எடுப்பதைவிட மூன்றில் மூன்று ஏ எடுப்பது எவ்வளவோ மேல். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கில் ஏ என்றால் 48, பி என்றால் 40. ஆனால் 48 பெரிது 40 சிறிது என்பதல்ல விஷயம்: "ஏஏஏ வேண்டும்" என்ற நிபந்தனைக்கு நாலாவது பி உதவாது. விதிவிலக்கு, மேலதிக கணிதம் (ஃபர்தர் மாத்ஸ்) என்ற தனிப் பாடம். கணிதம், பௌதிகவியல், சில பொறியியல் துறைகளுக்குக் குறிவைக்கும் பிள்ளை அதை நாலாவதாக வைத்திருப்பதில் பொருள் உண்டு. மற்றப்படி ஒக்டோபரில் நாலாவதை விடுவது தோல்வி இல்லை. அந்த நேரத்தில் 5000 சொல் ஆய்வறிக்கை எழுதும் ஈபீகியூ செய்தால் அரை ஏ லெவல் பெறுமதி கிடைக்கும். அதில் ஏ எடுத்தால் ஒரு படி குறைந்த பெறுபேறோடு இடம் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

ஒரு பாடத்தை மாற்றுவது

இங்கே முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கதவு மூடுகிறது என்பது. மருத்துவமும் பல் மருத்துவமும் கனவாக இருந்தால் இரசாயனவியலை விடுவது பெரும்பாலான மருத்துவ பீடங்களை மூடும். உயிரியலை விடுவது பலவற்றை மூடும். அதே பிள்ளை பௌதிகவியலை விட்டு உளவியலோ வரலாறோ எடுத்தால் மருத்துவத்துக்கு அநேகமாக ஒன்றும் குறையாது. மருந்தியலுக்கு இரசாயனவியல் வேண்டும். பொறியியலுக்குக் கணிதம், அதோடு பெரும்பாலும் பௌதிகவியல். கணினி விஞ்ஞானப் பட்டத்துக்குப் பல இடங்கள் கேட்பது கணிதத்தை, ஏ லெவல் கணினி விஞ்ஞானத்தை அல்ல. இது தெரியாமல் கணிதத்தை விட்டுக் கணினியைப் பிடித்து வைத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. சட்டத்துக்குக் கட்டாயப் பாடம் என்று ஒன்றும் இல்லை. கணக்கியலுக்கும் அநேகமாக இல்லை, ஆனால் பொருளியலுக்குப் பேர்பெற்ற பல்கலைக்கழகங்கள் கணிதம் கேட்கும். வாய்ப்பேச்சை நம்பாமல், பிள்ளை விரும்பும் ஐந்து படிப்பின் நிபந்தனையை யூகாஸ் தளத்திலும் பல்கலைக்கழகத் தளத்திலும் சேர்ந்திருந்து வாசியுங்கள். அரை மணி வேலை.

"சுலபமான பாடம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். உளவியலில் ஆய்வு முறையும் புள்ளிவிபரமும் உண்டு. சமூகவியலில் நீண்ட கட்டுரை எழுத வேண்டும். வரலாற்றில் 20 சதவீதம் பாடவேலை, அதற்கு மாதக்கணக்கான வாசிப்பு. எழுத்து பிடிக்காத பிள்ளையை இரசாயனவியலிலிருந்து தூக்கி வரலாற்றில் போட்டால் அடுத்த செப்டெம்பரில் அதே பேச்சு வரும்.

இரண்டாவது தடை நேர அட்டவணை. பாடசாலைகள் பாடங்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கும். விடுகிற பாடம் இருந்த தொகுதியில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மாறலாம். பிள்ளைக்குப் பொருளியல் ஆசை, ஆனால் அது கணிதம் இருக்கும் தொகுதியில் இருந்தால் வழியில்லை. ஆகவே சிக்ஸ்த் ஃபோம் பொறுப்பாசிரியருக்கு எழுதும்போது மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள்: அந்தத் தொகுதியில் என்னென்ன பாடம் உண்டு, அதில் இடம் இருக்கிறதா, தவறிய வகுப்புகளின் குறிப்பை யார் தருவார். புதிய பாடத்தில் இரண்டு வகுப்பு இருந்து பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அதைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். விஞ்ஞானப் பாடத்துக்கு மாறுவதானால் செயன்முறைக் குறிப்பேட்டையும் கேட்டறியுங்கள். இரண்டு ஆண்டில் குறைந்தது 12 செயன்முறைகள் பதிய வேண்டும். தவறவிட்டவற்றை எப்போது செய்யலாம் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இடத்தை மாற்றுவது, வகையை மாற்றுவது

பழைய பாடசாலையின் சிக்ஸ்த் ஃபோம், தனி சிக்ஸ்த் ஃபோம் கல்லூரி, தொழிற்கல்வியும் தரும் பெரிய கல்லூரி: இந்த மூன்றுக்கும் இடையில் மாறுவது செப்டெம்பர் மூன்றாம் வாரம் வரை ஓரளவு நடக்கும், இடம் இருந்தால். பாடசாலையில் ஆசிரியருக்குப் பிள்ளையை ஐந்து வருடமாகத் தெரியும். ஒரு நாள் வராவிட்டால் வீட்டுக்குச் செய்தி வரும். பாட வகை குறைவு. கல்லூரியில் 30க்கு மேற்பட்ட பாடங்கள் இருக்கலாம், பிள்ளையைப் பெரியவராக நடத்துவார்கள். சீருடையும் இல்லை, துரத்திப் பிடிக்க ஆளும் குறைவு. தானாக எழும்பிப் போகிற பிள்ளை அங்கே மலரும். மற்றப் பிள்ளை நவம்பர் வரை தவறியது வீட்டுக்குத் தெரியவே வராது. கட்டிடத்தையோ பெயரையோ பார்க்காமல் உங்கள் பிள்ளை இதில் எந்த ரகம் என்று பாருங்கள்.

வகையை மாற்றுவதில் நம் வீடுகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. பீடெக் என்று கேட்டதும் இந்தியாவில் உள்ள பி.டெக் பட்டம் என்று நினைத்துச் சந்தோஷப்படுவோரும் உண்டு, "ஓடாத பிள்ளைகள் படிப்பது" என்று முகம் சுழிப்போரும் உண்டு. இரண்டும் இல்லை. இது ஏ லெவல் தரத்திலேயே உள்ள, தொழில்துறை சார்ந்த தகுதி. முழு அளவுப் பீடெக் மூன்று ஏ லெவலுக்குச் சமம். சிறிய அளவை இரண்டு ஏ லெவலோடு சேர்த்தும் எடுக்கலாம். ஒப்படைகள் தொடர்ந்து வரும், சில அலகுகளுக்கு வெளிப் பரீட்சையும் உண்டு. கடைசி இரண்டு மாதத்தில் விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளைக்கு இது பொருந்தாது. கிழமைக்குக் கிழமை சீராக வேலை செய்து, பரீட்சை மண்டபத்தில் கைநடுங்குகிற பிள்ளைக்கு நன்றாகப் பொருந்தும். தாதியியல், வணிகம், கணினி, விளையாட்டு விஞ்ஞானம் என்று பல பட்டங்களுக்கு இதோடு போகலாம். மருத்துவத்துக்கு மட்டும் இதை நம்பிப் போக வேண்டாம். இந்தத் தகுதிகளை அரசு இப்போது மாற்றியமைத்துக்கொண்டிருக்கிறது. சேரும் முன் இரண்டு ஆண்டுக்கும் நிதி உறுதியா என்று கேளுங்கள்.

டி லெவல் 2020இல் வந்தது. இதுவும் மூன்று ஏ லெவலுக்குச் சமம், ஆனால் ஒரே துறை, நடுவில் குறைந்தது 45 நாள் உண்மையான வேலையிடத்தில். துறை எது என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு மிக நல்லது. தெரியாத பிள்ளைக்கு இது மூன்று பாடத்தையும் ஒரே கூடையில் போடுவது. எந்த நிறுவனத்தில் வேலைப்பயிற்சி, அதைக் கல்லூரி ஒழுங்கு செய்து தருமா என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

ஜீசீஎஸ்ஈ ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4 எடுக்காத பிள்ளை எங்கே போனாலும் அதைத் தொடர்ந்து படித்தே ஆக வேண்டும். நவம்பரில் ஒரு வாய்ப்பு உண்டு, அந்த இரண்டு பாடத்துக்கு மட்டும்.

மறுபடி தொடங்குவது

அரைத்தவணை கடந்து, இரண்டு பாடம் சரிவரவில்லை என்று தெரிந்தால் அடுத்த செப்டெம்பரில் முதலாம் ஆண்டை மறுபடி தொடங்குவதும் ஒரு வழி. 17 வயதில் தொடங்கும் பிள்ளைக்கு இடம் கிடைப்பது கடினமல்ல. ஆனால் 18 வயதில் வரும் மூன்றாம் ஆண்டுக்கு அரசு தரும் நிதி குறைவு என்பதால் சில இடங்கள் தயங்கும். இரண்டு மூன்று இடத்தில் விண்ணப்பியுங்கள். அதுவரை வீட்டில் சும்மா இருக்க விடாதீர்கள். 18 வயது வரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைவிட, ஜனவரியிலிருந்து பகல் பன்னிரண்டுக்கு எழும்பிப் பழகிய பிள்ளையைச் செப்டெம்பரில் திரும்ப எழுப்புவது பெரும்பாடு. தொடர்ந்து போய், சரிவருகிற பாடத்தையாவது படித்துக்கொண்டிருப்பது நல்லது.

ஜூன் பரீட்சைக்குப் பின் சில பாடசாலைகள், "புள்ளி போதாது, இரண்டாம் ஆண்டுக்கு எடுக்க மாட்டோம்" என்று சொல்வதுண்டு. பாடசாலையின் சிக்ஸ்த் ஃபோமில் பதிந்த மாணவரைப் புள்ளி குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவிலிருந்து நீக்குவது சட்டத்துக்கு மாறானது. கல்லூரிகளுக்கு வேறு விதி. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

பாடசாலையோடு பேசுவது

சந்திப்புக்குப் போகும்போது பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். தன் குறையைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் பாரம். நமக்கும் பாதிதான் வந்து சேரும். ஆங்கிலம் தயக்கமானால் உறவினர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். மின்னஞ்சல் ஆங்கிலத்தில் நாலு வரி போதும்: பிள்ளையின் பெயர், எந்தப் பாடம், என்ன கவனித்தீர்கள், எந்த நாளில் பேசலாம். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "இந்தச் சோதனையில் போன 25 புள்ளி எந்த இடத்தில் போனது?" என்று கேட்டால் ஆசிரியர் தாளைத் திறப்பார்.

கற்றல் சிரமம் போன்ற காரணத்தால் பரீட்சையில் 25 சதவீத மேலதிக நேரம் பெற்று வந்த பிள்ளையானால், ஜீசீஎஸ்ஈக்குக் கிடைத்த அனுமதி 26 மாதத்துக்கே செல்லும். ஏ லெவலுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் மாறியிருந்தால் பழைய இடத்தின் மதிப்பீட்டுப் படிவம் தானாக வராது. கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

சிறுவர் கொடுப்பனவு 16 வயது கடந்த ஓகஸ்ட் 31இல் நிற்கும், பிள்ளை தொடர்ந்து படிக்கிறது என்று வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்காவிட்டால். தெரிவித்தால் தகுதியான படிப்பில் இருக்கும்வரை 20 வயதுக்குள் தொடரும். இடம் மாறினால் அதையும் சொல்லுங்கள். வருமானம் குறைந்த வீடுகளுக்கு 16 முதல் 19 வயது வரையிலான உதவித்தொகை உண்டு. பஸ், புத்தகம், உபகரணத்துக்கு உதவும். விண்ணப்பம் அந்தப் பாடசாலை அல்லது கல்லூரியிலேயே, பெரும்பாலும் செப்டெம்பரிலேயே. லண்டனில் பிள்ளைகளின் பயண அட்டையான பழைய ஸிப் அட்டையை 16க்கு மேற்பட்டோருக்கான அட்டையாக மாற்ற வேண்டும். பஸ்ஸும் ட்ராமும் இலவசம்.

கடை வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளை சனி, ஞாயிறு கைகொடுப்பது வழக்கம். கிழமைக்கு எட்டு மணி வரை பாதிப்பில்லை. அதற்கு மேலே போனால் முதலில் குறைவது நித்திரை, பிறகு திங்கட்கிழமை காலை வகுப்பு. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் உதவி ஆசிரியராக நிற்கிற பிள்ளையை, ஏ லெவல் வந்துவிட்டது என்று நிறுத்தத் தேவையில்லை. 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸின் தன்விபரக் கூற்று மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று வகுப்புக்கு வெளியே செய்தவற்றைக் கேட்பது.

பாடத்தை மாற்றி முடித்த பிள்ளைக்கு அரைத்தவணை விடுமுறை இம்முறை விடுமுறை அல்ல. தவறிய வகுப்புகளின் பட்டியலை ஆசிரியரிடம் வாங்கி, நாளுக்கு மூன்று வகுப்பாகப் பிரித்து, முன்னேரம் குறிப்பு, பின்னேரம் கேள்வி என்று ஐந்து நாள். ஆறாம் நாள் வகுப்பு ஏற்கனவே எழுதிய முதல் சோதனைத் தாளை வீட்டில் நேரம் வைத்து எழுதட்டும். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அந்தத் தாளைத் திருத்தித் தர முடியுமா என்று ஆசிரியரிடம் பிள்ளையே கேட்கட்டும்.